லேப்டாப்பின் உள் சத்தத்தை நான் ஏன் நிறுத்தி வைக்கிறேன்

நம் கம்ப்யூட்டர், சவுண்ட் சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது கடைப் பக்கம் வந்து உங்களோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவன் நான். அன்றைக்கு அவள் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டிய லேப்டாப்பை மேசையில் விரித்து வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, வெளி சவுண்ட் கார்டைச் சொருகுனா அதுவே முன்னால வந்துருது. பொறவு எதுக்கு உள்ள இருக்கிற சவுண்டை வேற மெனக்கெட்டு நிறுத்தச் சொல்றீக? வெளிய இருக்கிறது படுத்துட்டா உள்ள இருக்கிறது கைகொடுக்கும்ல?"

நல்ல கேள்வி. உங்களில் பாதிப் பேருக்கு இது மனதில் இருக்கும், கேட்டிருக்க மாட்டீர்கள். கிழவர் ஏதோ பழைய பழக்கத்தில் சொல்கிறார் என்று விட்டிருப்பீர்கள். அதனால் அவளுக்கு மட்டும் சொல்லாமல் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எப்படி நிறுத்துவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு பட்டாசு ஆலையில் கற்றுக்கொண்டேன். கற்றுக் கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த ஃபோர்மேன். பெண். வேதியியல் படித்துவிட்டு, ஃபோர்மேன் பரீட்சையும் எழுதித் தேறியவர். அவர் பெயரையோ கம்பெனி பெயரையோ எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அங்கே எல்லாரும் 'ஃபோர்மேன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட இருபது வயது இளையவர் என்றாலும் எனக்கும் அந்தப் பெயரே நாக்கில் ஒட்டிக்கொண்டது, நேரில் மட்டும் 'தங்கச்சி' என்பேன்.

ஆலை சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பக்கம். உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டடம் இல்லை. கரிசல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்றில் எதுவும் ஆனால் அடுத்தது பிடிக்கக் கூடாது என்பதற்காக. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வெடிமருந்து புழங்குகிற இடம் என்பதால் அறைக்குள் மின்சாரம் கிடையாது. செல்போனைக் காலையிலேயே ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபீஸும் கேன்டீனும் வாசல் பக்கம் வெகு தூரத்தில் இருக்கும். ஆக, அறைக்குள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களிடம் அவசரமாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சத்தம் ஒன்றுதான் வழி.

அவசரம் பெரும்பாலும் வானத்திலிருந்துதான் வரும். மானாவாரி விவசாயம் பார்க்கிறவர்கள் மேகம் திரண்டால் சந்தோஷப்படுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், ஆலைக்குள், அதே மேகத்தைக் கண்டால் பயம்தான். இடி இறங்கினால் மருந்து தாங்காது. அதனால் இடிச் சத்தம் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் அறைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது அங்கே கட்டளை.

முன்பெல்லாம் ஃபோர்மேன் அக்கா மைக்கில் கூப்பிடுவாராம். பிறகு அவரே அதை மாற்றினார். ஏன் மாற்றினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"இடி இடிக்கும்போது என் குரல் நடுங்குது அண்ணாச்சி. நான் அடக்கிக்கிட்டுத்தான் பேசுறேன். ஆனாலும் அவுகளுக்குத் தெரிஞ்சிருது. நான் பயந்தா அவுக ஓடுறாக. ஓடுனா தடுக்கி விழுவாக, கையில இருக்கிறது கீழ விழும்."

அதனால் மேகமே இல்லாத ஒரு காலை வேளையில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்து வைத்தார். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அந்த லேப்டாப்பிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் இரைச்சல் வந்தது என்று ஒரு சின்ன வெளி சவுண்ட் கார்டை வயரில் சொருகி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வழியாக வேலியோரக் கம்பங்களில் இருந்த குழாய் ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் போயிற்று. வேறு ஒரு சர்வீஸ்காரர் செய்து கொடுத்த ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாளில் யார் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

நான் அங்கே போனது சவுண்ட் வேலைக்கே இல்லை. தீபாவளி சீசன், பில் போடுகிற பிரிண்டர் பேப்பரைக் கடித்துத் துப்புகிறது என்று கணக்கர் போன் செய்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தேன்.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார் ஃபோர்மேன் அக்கா. கேட்டது என்னை, கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மேற்கே இருந்தது. மலைப் பக்கம் மை பூசியது மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

பிரிண்டரின் மூடியைக் கழற்றி வைத்தேன். முதல் இடி தூரத்தில் உருண்டது. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லேப்டாப்பில் பொத்தானை அமுக்கினார். பதிந்து வைத்த குரல் தெளிவாக ஒலித்தது:

"அக்காமாரே, தங்கச்சிமாரே. கையில இருக்கிறத மெதுவாக் கீழ வைங்க. கதவத் திறந்தே வச்சிட்டு கேன்டீனுக்கு நடந்து வாங்க. ஓட வேண்டாம். நேரம் இருக்கு."

கேட்டாலே மனசு நிதானப்படுகிற குரல். கணக்கர் "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். அந்த அறையில் இருந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் வந்துவிடுவார்கள்.

ஃபோர்மேன் அக்கா மட்டும் உட்காரவில்லை. வாசலுக்கு வெளியே போய் நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காது கொடுத்தார். திரும்பி,

"கணக்கரே, சத்தம் வெளிய வரலை" என்றார்.

"என்னம்மா சொல்றீக, நல்லாத்தான கேக்குது!"

"இங்கன கேக்குது. அங்கன கேக்கலை. எப்பவும் தண்ணித் தொட்டிச் சுவத்துல பட்டு ஒருக்கா திரும்பி வரும். இன்னைக்கு அது இல்ல. அந்தா பாருங்க, ஒரு கதவுலயும் ஆள் இல்ல."

நான் எழுந்து வந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை அறைகள். ஒரு வாசலிலும் ஒரு தலை தெரியவில்லை. லேப்டாப் தன் பாட்டுக்கு, "நேரம் இருக்கு, நேரம் இருக்கு" என்று எங்கள் மூன்று பேருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

நம் புத்தி எங்கே போகும்? எனக்கும் அங்கேதான் போயிற்று. லேப்டாப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிசம் குடுங்க தங்கச்சி, என்னன்னு பார்த்துடுறேன்" என்றேன்.

"பொறவு பாருங்க அண்ணாச்சி. இப்ப அதுக்கு நேரமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கை அணைப்பது மாதிரி அந்த லேப்டாப்பைத் தன் மனதிலிருந்து அணைத்துவிட்டார். இத்தனை வருஷம் சர்வீஸ் வேலை பார்த்ததில் நான் பார்த்த ஆகச் சிறந்த முடிவுகளில் அது ஒன்று. மெஷின் நின்றுபோனால் மெஷினைச் சரி செய்யத்தான் நம் கை போகும். மெஷின் எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்தை மெஷின் இல்லாமலே எப்படி முடிப்பது என்று அவர் அந்த நொடியில் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

கணக்கர் சுவரில் இருந்த அபாயச் சங்கின் பொத்தானுக்குக் கையை நீட்டினார். "சங்க ஊதிருவோமா?"

ஃபோர்மேன் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். சங்கு ஊதுனா எங்கனயோ வெடிச்சிருச்சுன்னு நெனைப்பாக. வாசலப் பாத்து வர மாட்டாக. மக எந்த ரூம்ல இருக்கா, தங்கச்சி எந்த ரூம்ல இருக்கான்னு அங்கன ஓடுவாக. மருந்துக் கையோட ஓடுவாக. டீ மணி அடிக்கேன்."

சொல்லிக்கொண்டே கேன்டீனுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். கேன்டீன் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். டீ நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் அதைத் தட்டுவார்கள். டீ மாஸ்டர் எங்களைப் பார்த்ததும், "இன்னும் பாலே காயலையே" என்றார். ஃபோர்மேன் அக்கா கம்பியை எடுத்து அடித்தார். எப்படி அடித்தார் தெரியுமா? தினமும் டீ மாஸ்டர் அடிப்பாரே, சோம்பலாக, இடைவெளி விட்டு, அதே மாதிரி. பிறகு ஒருநாள் அதைப் பற்றிப் பேசும்போது, "அவசரமா அடிச்சா அதுவும் சங்குதான அண்ணாச்சி" என்றார். இடி நெருங்கி வருகிற நேரத்தில் கையைச் சோம்பலாக அடிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

கதவுகளில் ஆள் தெரிந்தது. ஒவ்வொரு அறையிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். "என்னக்கா, இன்னைக்கு இம்புட்டு சீக்கிரம்?" என்று ஒருத்தி கேட்டாள். "மழ வருதுல்ல, அதான் அக்கா இரக்கப்பட்டுட்டாக" என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். ஒருவரும் ஓடவில்லை.

கேன்டீன் நிரம்பிக்கொண்டு வந்தது. ஃபோர்மேன் அக்கா முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கம்பியை டீ மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"கடைசி ரூம் மாரியக்கா செட்டு வரலை. அவுக பீஸ் ரேட்டு, செஞ்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி. டீக்கு எந்திரிக்க மாட்டாக. நான் போய்க் கூட்டிட்டு வாரேன். வந்தவுக ஒருத்தரையும் வெளிய விடாதீக."

நானும் கிளம்பினேன். "நீங்க வராதீக அண்ணாச்சி. புது ஆளு வாரதப் பாத்தா என்னமோ ஏதோன்னு பதறுவாக" என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினார்.

அந்த நடையை நான் மறக்க மாட்டேன். வெட்டவெளி. பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்திருந்தது. மின்னல் வெட்டும்போது அறைகளெல்லாம் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தன. அவர் ஓடவில்லை. தினமும் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போவாரே, அதே நடை. கடைசி அறையில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால், ஃபோர்மேன் அக்கா வழக்கம்போல வருகிறார் என்றுதான் தோன்ற வேண்டும். ஓடிப்போய்விட்டால் பாதி நேரத்தில் போயிருக்கலாம். ஆனால் ஓடி வருகிற ஃபோர்மேனைப் பார்த்த நாலு பேர் கையிலிருப்பதை என்ன செய்வார்கள்? கேன்டீன் வாசலில் நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்களுக்கு அப்போதுதான் இது டீ நேரம் இல்லை என்று புரிந்தது.

அங்கே போய் என்ன சொன்னார் என்பதைப் பின்னால் மாரியக்காவே சொன்னாள். வாசலில் சாய்ந்து நின்று, "ஏ மாரியக்கா, மொதலாளி வீட்டுல இருந்து காராச்சேவு வந்திருக்கு. அவுக அம்புட்டையும் காலி பண்ணிட்டு இருக்காக. கைய மெதுவா எடுத்துட்டு வாங்க, நான் நிக்கேன்" என்றாராம். பீஸ் ரேட்டுக்கு முன்னால் டீ தோற்றுவிடும், காராச்சேவு தோற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாலு பேரும் வேலையைப் பதனமாக இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்கள். வரிசையாக வந்தார்கள். அவர்களை முன்னால் விட்டுக் கடைசியாக அவர் வந்தார்.

ஐந்து பேரும் கேன்டீனுக்குள் கால் வைத்துச் சேலையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது இடி இறங்கியது. கடைசி அறையில் இல்லை. நடுவில் இருந்த ஓர் அறையில். மணிச் சத்தம் கேட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவர்களின் அறை. கடைசி அறையிலிருந்து வந்தவர்களும் அதைத் தாண்டித்தான் நடந்து வந்திருந்தார்கள். தரை ஆடியது. புகை கலைந்தபோது அந்த அறை இருந்த இடத்தில் சுவரின் அடிப்பாகம் மட்டும் நின்றது.

ஃபோர்மேன் அக்கா திரும்பி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கேன்டீனுக்குள் பார்த்தார். ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். எல்லாரையும் தொட்டு முடித்த பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வெகு நேரம் அழுகைச் சத்தம் மட்டும்தான். கடைசியில் மாரியக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "ஏக்கா, சேவு எங்க?" என்றாள். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்த அந்தச் சத்தத்தை எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை.

மழை விட்டது. தீயணைப்பு வண்டி வந்து போனது. முதலாளி வந்தார். எல்லாரையும் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ஆபீஸுக்குள் வந்து நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் ஃபோர்மேன் அக்கா என்னைப் பார்த்து, "இப்பப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

பார்த்தேன். வெளி சவுண்ட் கார்டின் வயர் பாதி வெளியே வந்திருந்தது. காலையில் மேசையைத் துடைத்தபோது இழுபட்டிருக்க வேண்டும். வயர் விலகியதும் லேப்டாப் தனக்குத் தெரிந்த நல்ல காரியத்தைச் செய்திருக்கிறது. வெளி சத்தம் போய்விட்டது, பரவாயில்லை, நாமே பேசிவிடுவோம் என்று தன் உள் ஸ்பீக்கருக்கு மாறிக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு ஏன் அண்ணாச்சி இது மொதல்லயே தெரியலை? காலையில ஒருக்கா அமுக்கிப் பாத்தேனே. சத்தம் கேட்டுச்சே."

"சத்தம் கேட்டதாலதான் தங்கச்சி தெரியலை. கேக்காம இருந்திருந்தா அப்பவே எந்திரிச்சிருப்பீக."



முதலாளி நிமிர்ந்து, புதுசாக நல்ல லேப்டாப் ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டார். இந்த லேப்டாப்பே போதும், இதன் உள் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுகிறேன் என்றேன். அதற்குக் கணக்கர் மறுப்புச் சொன்னார். "ஆபீஸ் மீட்டிங்கு எல்லாம் இதுலதான வருது. சத்தமே இல்லேன்னா எப்படிக் கேக்குறது?"

"அதுக்கு உங்க போன் இருக்குல்ல கணக்கரே" என்றார் ஃபோர்மேன் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, நம் கடைத் தங்கை கேட்டாளே, அதே கேள்வியைக் கேட்டார். "உள்ளதையும் நிறுத்திட்டா, வெளி வயர் கழண்ட அன்னைக்குச் சத்தமே வராதே அண்ணாச்சி. ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல் இல்லையா?"

"இல்ல தங்கச்சி. ஒண்ணும் வரலேன்னா நீங்க அமுக்குன உடனே தெரிஞ்சிரும். திரையில சிவப்பா ஒரு பெருக்கல் குறி விழும். மணிக்குப் போயிருவீக. இது வந்தா, வேலை முடிஞ்சதுன்னு உங்கள உக்கார வச்சிரும். இன்னைக்கு உங்களத் தவிர மத்த ரெண்டு பேரையும் உக்கார வச்சிருச்சுல்ல."

அவர் தலையாட்டினார். நானும் அதோடு என் வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். அவர் முடிக்கவில்லை.

"அப்பன்னா இன்னொண்ணு செய்யுங்க. ஒரு குழாயை மட்டும் இந்த ஆபீஸ் பக்கம் திருப்பி வைங்க. அவுகளுக்குப் போற அதே வயர்ல இருந்து. அவுகளுக்குக் கேக்குற சத்தம் எதுவோ அதுதான் எங்களுக்கும் கேக்கணும். அவுகளுக்குக் கேக்கலேன்னா எங்களுக்கும் கேக்கக் கூடாது."

தம்பிகளே, தங்கைகளே, சவுண்ட் தொழிலில் என் வாழ்நாள் முழுக்க நான் யோசித்திராத ஒன்றை, வெடித்த அறையின் புகை வாசனை மூக்கில் இருக்கும்போதே உட்கார்ந்து யோசித்தார் அவர். நான் ஒரு பொய்யை நிறுத்த வழி சொன்னேன். அவர் உண்மை வந்து சேர வழி சொன்னார். அன்றிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், லேப்டாப்பின் உள் சத்தத்தை நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குக் கேட்கிற ஸ்பீக்கர் ஒன்றை இயக்குகிறவர் காதுக்கும் எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் வருகிறேன். ஒன்று மட்டும் கவனம்: சில லேப்டாப்கள் அப்டேட் ஆனதும் நிறுத்தி வைத்ததைத் தாமாகவே திறந்துகொள்ளும். திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

விசாரணை, ஆய்வு எல்லாம் முடிந்து ஆலை மறுபடி திறந்தபோது ஃபோர்மேன் அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். காலையில் ஓர் அறையின் கதவும் திறப்பதற்கு முன்னால் அந்த அறிவிப்பு ஒருமுறை ஒலிக்க வேண்டும். ஒலித்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால்தான் சாவி கைக்கு வரும்.

அடுத்த சீசனில் ஒரு காலை எனக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, சிவப்புக் குறி விழுந்திருக்கு. சத்தம் இல்ல. வர முடியுமா?"

நான் அப்போது சூலக்கரையில் வேறொரு வேலையில் இருந்தேன். போட்டது போட்டபடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. சீசன் உச்சத்தில் இருக்கிறது. வெளியூர் ஆர்டருக்கு லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும். வானத்தில் பெயருக்கு ஒரு மேகம் இல்லை, நல்ல வெயில். இந்த வெயிலில் இடி எங்கே வரப்போகிறது, கதவைத் திற என்று முதலாளி சொன்னால் ஃபோர்மேன் அக்கா என்ன செய்வார்? எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறேன். விபத்து நடந்த மாதத்தில் எல்லாரும் ஒழுங்காக இருப்பார்கள். சீசன் வந்தால் மறந்துவிடும்.

பாதி வழியில் மறுபடி போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன். முதலாளி.

"அண்ணாச்சி, கிளம்பிட்டீகளா?"

"வந்துக்கிட்டே இருக்கேன் மொதலாளி, இந்தா வந்துருதேன்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். வேகமா ஓட்டாதீக. மெதுவாவே வாங்க. நாங்க இருக்கோம்."

போய்ப் பார்த்தால் வாசலில் லாரி நிற்கிறது. டிரைவர் சீட்டில் படுத்துத் தூங்குகிறார். வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு அதே தரையில், வெள்ளை வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், முதலாளியும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து ஃபோர்மேன் அக்கா இடுப்பில் இருந்தது. அதைக் கேட்க முதலாளி முயன்ற மாதிரியே தெரியவில்லை.

சவுண்ட் கார்டே செத்துப்போயிருந்தது. என் பையில் இருந்த வேறொன்றைப் போட்டேன். உள் சத்தம் நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஃபோர்மேன் அக்கா பொத்தானை அமுக்கினார். லேப்டாப் ஊமையாக இருந்தது. வெளியே, வேலியோரமாக, அவர் குரல் எழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தொட்டிச் சுவரில் பட்டுத் திரும்பியும் வந்தது. மர நிழலில் இருந்தவர்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

நான் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மாரியக்கா வழியில் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, எங்க கடைசி ரூம் பக்கத்துக் குழாய் காத்துல சாஞ்சி காட்டப் பாத்து நிக்குது. ஒருக்கா எங்க பக்கம் நிமித்தி வச்சிட்டுப் போங்களேன்."

"ஏன், சத்தம் எட்டலையா?"

"எட்டுது எட்டுது. சரியாக் கேக்கலைன்னு இல்ல." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "காலையில அந்தக் குரல நல்லாக் கேட்டுட்டு உக்காந்தா, அன்னைக்குப் பூரா கை நடுங்காம நிக்குது."

வாட்ச்மேனிடம் ஏணி வாங்கிக்கொண்டு அந்தக் கம்பத்தில் ஏறினேன்.